ஆமென் பத்தி

ஜூலை 2, புதன்

ஒரு வழியாக எங்கள் வட்டத்துக்குப் புது ஆள் கிடைத்துவிட்டது. பெயர் பியூலா. மகாராஜ நகரில் குடியிருக்கிறாள். ஏதோ ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாற்பதைத் தாண்டியிருப்பாள். எங்கள் இதழை யார் வீட்டிலோ பார்த்தாளாம். நானும் ஒரு கட்டுரை அனுப்பலாமா என்று போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். இதைக் கேட்க வேண்டுமா அம்மா, உடனே அனுப்பு என்றேன்.

இறையியல் வட்டம் என்று பெரிதாகப் பெயர் வைத்துக்கொண்டு, நாலைந்து கிழங்கள் எங்களுக்குள்ளேயே எழுதி, எங்களுக்குள்ளேயே வாசித்து, ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறோம். பொன்னுசாமி சார் கிருபையைப் பற்றி எழுதினால் நான் விசுவாசத்தைப் பற்றி எழுதுவேன். அடுத்த இதழில் தலைப்பை மாற்றிக்கொள்வோம். புதிதாக யாரும் வராவிட்டால் இதழை நிறுத்திவிடலாம் என்று தேவதாசன் ஐயர் போன கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அவர் எங்கள் சபைக் குருவானவர், வட்டத்துக்கும் அவர்தான் தலைவர். நிறுத்துவது அவருக்குச் சுலபம். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இருப்பது இந்த இதழாசிரியர் பொறுப்பு ஒன்றுதான்.

என் வீட்டுக்காரருக்கு இன்று பரவாயில்லை. ஏப்ரலில் இரண்டாவது முறை பக்கவாதம் வந்து படுத்தவர். காலையில் மூன்று கரண்டி கஞ்சி இறங்கியது.

ஜூலை 5, சனி

பியூலாவின் கட்டுரை வாட்ஸ்அப்பில் வந்தது. மாவு அரைக்கப் போட்டுவிட்டு வாசிக்க உட்கார்ந்தவள், கிரைண்டரை அணைக்கவே மறந்துவிட்டேன். மாவு சூடேறிப் போயிற்று.

வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில் புலம்பலில் தொடங்குகிற பாட்டுகள் நிறைய உண்டு. எல்லாம் எங்காவது ஓரிடத்தில் திரும்பி, நன்றியிலோ துதியிலோ போய்ச் சேர்ந்துவிடும். ஒன்றே ஒன்று மட்டும் திரும்புவதில்லை. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே நின்றுவிடுகிறது. அதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாள். சின்ன வயதிலிருந்து வேதம் வாசிக்கிறேன், அந்தச் சங்கீதம் வரும்போதெல்லாம் பக்கத்தை வேகமாகப் புரட்டியிருக்கிறேன் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. பதில் வராத ஒரு ஜெபத்தைச் சபை ஏன் வேதத்தில் வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறது என்று கேட்கிறாள். கேட்டதோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. கீழே இன்னும் ஏதாவது இருக்குமோ என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இல்லை.

அருமையான எழுத்து, சந்தேகமில்லை. ஆனால் வாசிக்கிறவர்களை இப்படி நட்டாற்றில் விடலாமா? எங்கள் இதழில் ஒரு வழக்கம் உண்டு. எதைப் பற்றி எழுதினாலும் கடைசிப் பத்தி நம்பிக்கையில் முடிய வேண்டும், வாசித்தவர் தானாக ஆமென் சொல்ல வேண்டும். இதழைத் தொடங்கிய பழைய ஐயர் வைத்த விதி அது. ஆமென் பத்தி என்போம். புதிதாக எழுதுகிறவர்களுக்கு இது தெரியாது என்பதால் நானே எழுதிச் சேர்த்துவிடுவேன். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. ஒரு சிலர் அதைத் தாங்களே எழுதியதாக நம்பிக்கொண்டும் இருக்கிறார்கள்.

போன் செய்து பாராட்டிவிட்டு, சின்னச் சின்னத் திருத்தம் செய்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். "ஒங்களுக்குத் தெரியாததா டீச்சர், செய்யுங்க" என்றாள். அவள் சொன்னது இதுதான். இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

இவரை ஆம்புலன்ஸில் டாக்டரிடம் கொண்டுபோய் வந்தோம். இனிமேல் இப்படி அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார் டாக்டர். அலைய வேண்டாம் என்கிற அளவுக்குத் தேறியிருக்கிறார். பாதி மாத்திரைகளையும் டாக்டர் நிறுத்திவிட்டார். மஸ்கட்டிலிருந்து செல்வின் பேசினான், அவனிடம் அப்படியே சொன்னேன். விமானச் சீட்டுக்குப் பார்க்கட்டுமா அம்மா என்று கேட்டான். நல்லபடியாக இருக்கும்போது எதற்கு லீவை வீணாக்குகிறாய் என்று அதட்டிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். பியூலாவின் கட்டுரைக்கு ஆமென் பத்தி எழுதி முடித்தேன். வழக்கமாகக் கால் மணி நேரத்தில் எழுதிவிடுவேன், இன்று காலையிலிருந்து மத்தியானம் வரை ஆயிற்று. எழுத எழுத அழுகை வந்தது, நல்ல அழுகைதான். இருள் நிலைக்காது, காத்திருக்கிறவர்களுக்கு விடியல் நிச்சயம் என்று தொடங்கி, "நானும் அந்த இருளைக் கடந்து வந்தவள். கடந்து வந்து இன்று நன்றி சொல்கிறேன்" என்று முடித்தேன். கட்டுரை முழுக்க நான் நான் என்றே அவள் எழுதியிருப்பதால் இதுவும் அப்படியே பொருந்திவிட்டது. ஒட்டுப் போட்டது தெரியவே தெரியாது.

அனுப்புவதற்கு முன் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் மாரியம்மாள் உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். இவரைத் தூக்கி உட்கார வைக்க உதவுகிற பெண் அவள். தண்ணீர் கொடுக்கும்போது இவருக்குப் புரை ஏறிவிட்டது. அதைச் சரிசெய்து வந்தபோது கேட்கிற எண்ணம் மறந்துபோயிற்று.

ஜூலை 19, சனி

சபை மண்டபத்தின் பின்னறையில் கூட்டம். பியூலா நீலப் பருத்திச் சேலையில் வந்திருந்தாள். ஒல்லி, நரையை மறைக்கவில்லை. புது ஆளை வரவேற்கிற முறையை ஐயர் விளக்கினார். புதியவரை நடுநாற்காலியில் உட்கார வைப்போம். வட்டத்தில் மூத்தவர் அவருடைய முதல் கட்டுரையை அச்சிலிருந்து உரக்க வாசிப்பார். எல்லாரும் கருத்துச் சொல்வார்கள். எழுதினவர் மட்டும் வாய் திறக்கக் கூடாது, பெருமைக்கோ விளக்கத்துக்கோ இடம் கிடையாது. முடிந்ததும் அனைவரும் எழுந்து நின்று, நீயும் எங்களில் ஒருத்தி என்று மூன்று முறை சொல்வோம்.

மூத்தவர் பொன்னுசாமி சார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். பாதி வரை பியூலா தலையைக் குனிந்து, சின்னப் பிள்ளை மாதிரி வெட்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். ஆமென் பத்தி வந்ததும் நிமிர்ந்தாள். வாய் லேசாகத் திறந்தது. ஐயர் விரலை உதட்டில் வைத்துச் சிரித்தார், எல்லோரும் சிரித்தோம். கடந்து வந்து இன்று நன்றி சொல்கிறேன் என்று வாசித்ததும் பொன்னுசாமி சார் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கருத்துச் சொன்ன அத்தனை பேரும் கடைசிப் பத்தியைத்தான் தூக்கிப் பேசினார்கள். அனுபவிக்காதவள் இப்படி எழுத முடியாது என்றார் ஐயர். எனக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்ததை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவள் கடைசி வரை பேசவில்லை. முறை தெரிந்த பெண் என்று நினைத்தேன். டீயை வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். பின்னாலேயே போய் என்னம்மா அவசரம் என்றேன்.

"அந்தக் கடைசிப் பத்தி நான் எழுதல டீச்சர்."

"தெரியும்மா. அது நம்ம இதழ் வழக்கம். புதுசா எழுதுறவங்க எல்லாருக்கும் நாந்தான் எழுதுவேன்."

சரி டீச்சர் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். முதல் முறை அச்சில் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் ரோஷம் இருக்கத்தான் செய்யும். போகப் போகச் சரியாகிவிடும்.

ஜூலை 27, ஞாயிறு

பியூலா போனை எடுப்பதில்லை. அனுப்பும் செய்திகளைப் பார்க்கிறாள், பதில் இல்லை. அக்டோபர் இதழுக்குத் தலைப்புகூட யோசித்து வைத்திருந்தேன்.

இவர் நன்றாகத் தூங்குகிறார். பகலிலும் தூங்குகிறார். முதுகில் சின்னதாகப் புண். பவுடர் போட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே மகாராஜ நகருக்கு ஆட்டோ பிடித்தேன். இரண்டாம் மாடி. கதவைத் திறந்தவள் முகத்தில் ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை. வாங்க என்று உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கூடத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணின் படம், அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூமாலை. நான் படத்தைப் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"எம்மக. லீதியா. ஒரு வருஷத்துக்கு மேல படுத்திருந்தா டீச்சர். ரத்தத்துல வந்த நோய். நான் வேலை பார்க்கிற எடத்துலதான் டெஸ்ட். எண்ணிக்கை எறங்கறது எனக்குத்தான் மொதல்ல தெரியும். வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் சொகமாயிரும், விசுவாசமா இருன்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுக் காப்பி குடிச்சிட்டுப் போயிருவாங்க. எங்க ரெண்டு பேர் கூடயும் கெடந்தது அந்தச் சங்கீதம் ஒண்ணுதான். அவதான் வாசிக்கச் சொல்லுவா. இது மட்டும் நம்மள அவசரப்படுத்த மாட்டேங்குதும்மான்னு சொல்லுவா."

நான் ஏதோ சொல்ல வந்தேன். அவள் நிறுத்தவில்லை.

"அத எழுதணும்னு நாலு வருஷமா நெனச்சு இப்பத்தான் எழுதினேன். நான் கடந்து வந்துட்டேன்னு போட்டுட்டீங்களே டீச்சர். நான் எங்க கடந்து வந்தேன்?"

கட்டுரையில் மகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே, எனக்கு எப்படித் தெரியும் என்று வரும் வழியெல்லாம் மனசுக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். ஒரு போனில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அடுத்த இதழில் திருத்தம் போடுகிறேன், அந்தப் பத்தி ஆசிரியர் சேர்த்தது என்று அச்சிலேயே சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஐயரைப் பார்த்தேன். முழுக்கக் கேட்டார், மனுஷனுக்கு உண்மையாகவே வருத்தம்தான். தான் குடியிருக்கிற குருமனைக்கு அவளைக் கூப்பிட்டு ஜெபிக்கலாம் என்றார். திருத்தம் போட மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"எப்படி போடுவீங்க டீச்சர், நீங்களே சொல்லுங்க. இருள் நிலைக்காது, விடியல் நிச்சயம்னு போன இதழில் வந்தது பிழை, வருந்துகிறோம்னா?"

எனக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும். பிழை என்று சொல்ல வேண்டாம், அவள் எழுதவில்லை என்று மட்டும் சொல்வோம் என்றேன். அப்படியென்றால் இத்தனை வருடமாக வந்த மற்றவர்களின் கடைசிப் பத்திகளை எழுதியது யார் என்று கேட்பார்களே, இதழ் மேலேயே நம்பிக்கை போய்விடுமே என்றார். ஐயர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர் காலைப் பிடித்தாவது சம்மதிக்க வைத்திருக்கலாம். ஆசிரியர் நான், அவரைக் கேட்காமலே போட்டிருக்கவும் செய்யலாம். பதினாறு வருடமாகப் பிறர் கட்டுரையில் அவர்களைக் கேட்காமல் எழுதியவளுக்கு, என் சொந்தப் பெயரில் இரண்டு வரி எழுதத் தைரியம் வரவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

புண் பெரிதாகிவிட்டது. மாரியம்மாள் என்னையே பார்க்கிறாள். எனக்கு எரிச்சலாக வருகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. பியூலாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன், திருத்தம் போட முடியவில்லை என்று. பார்த்துவிட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இவருக்காக ஜெபிக்க ஆராதனை முடிந்து ஒரு கூட்டமே வீட்டுக்கு வந்தது. நல்ல மனுஷர்கள். பாட்டு, ஜெபம், வாசிப்பு எல்லாம் முறைப்படி. இவர் கண் திறக்கவில்லை. மூச்சு கொஞ்சம் நின்று நின்று வருகிறது. பொன்னுசாமி சார் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து எங்கள் இதழை எடுத்தார்.

"ரூபி, நம்ம பியூலா எழுதினத வாசிக்கேன். ஒனக்கு ஆறுதலா இருக்கும்" என்றார்.

ஆமென் பத்தியை மட்டும் வாசித்தார். நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. வாக்கியத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. சுற்றி நின்றவர்கள் ஆமென் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. கட்டிலில் கிடந்த மனுஷனைப் பார்த்தேன், சார் கையிலிருந்த இதழைப் பார்த்தேன். இவருக்கும் எனக்கும் நடந்துகொண்டிருப்பது எதுவும் அந்தப் பத்தியில் இல்லை. யாரோ சௌக்கியமாக இருக்கிற ஒருத்தி எழுதியது போல இருந்தது.

"அத எழுதினது நாந்தான் சார்" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீயா எழுதின? அப்ப ஒனக்கு நாங்க என்னத்தச் சொல்ல. ஒனக்கே எல்லாம் தெரியுமே" என்றார்.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் அடுக்களைக்குப் போனேன். வந்தவர்களுக்குக் காப்பி போட வேண்டியிருந்தது. எல்லோரும் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பியூலாவுக்குச் செய்தி அனுப்பினேன். மன்னிப்பு, விளக்கம் எதுவும் எழுதவில்லை. இவர் பிழைக்க மாட்டார், டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார், நான்தான் யாரிடமும் சொல்லவில்லை, மகனிடம்கூடச் சொல்லவில்லை என்று மட்டும் எழுதினேன். அனுப்பிய பிறகுதான் கவனித்தேன், இந்த நோட்டில்கூட நான் அதை எழுதவில்லை.

செல்வினைக் கூப்பிட்டு வந்துவிடு என்றேன். "எனக்கு அப்பவே தெரியும்மா" என்றான்.

ஆகஸ்ட் 27, புதன்

பியூலா வேலை முடிந்து அப்படியே வந்திருந்தாள். ஜெபிக்கட்டுமா என்று கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, புண்ணைப் பார்த்தாள், எப்படிக் கட்ட வேண்டும் என்று மாரியம்மாளுக்குக் காட்டிக் கொடுத்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ பேர் வந்து போன வீட்டில் முதல் முறையாக எனக்கென்று யாரோ வந்தது மாதிரி இருந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

செல்வின் வந்துவிட்டான். பியூலாவும் தினமும் வருகிறாள். மூச்சு மாறுகிற விதத்தை இன்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள், எது வலி, எது வலியில்லை என்று. பயப்பட வேண்டாம் என்று மட்டும் அவள் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

அச்சகத்திலிருந்து அக்டோபர் இதழைப் பற்றிக் கேட்டார்கள். ஐயரும் கேட்டார், பியூலாவிடமிருந்து ஏதாவது வருமா என்று. சாயங்காலம் அவள் இவர் உதடுகளை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டேன். அவசரமே இல்லை, எப்போது தோன்றுகிறதோ அப்போது எழுது, எந்த முடிவு வேண்டுமோ அந்த முடிவு என்றேன்.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"உக்காந்து பார்த்தேன் டீச்சர். முந்தி மாதிரி இல்ல. ஒரு வரி எழுதினதுமே இதுக்குக் கீழ நீங்க என்ன சேப்பீங்கன்னுதான் தோணுது. அதுக்கப்புறம் ஒண்ணும் வர மாட்டேங்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். அவள் ஒரு ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்வது போலச் சொன்னாள். இனி உன் எழுத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொட மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லி என்ன பயன்? நான்தான் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேனே, அங்கிருந்து என்னை யார் எழுப்பிவிடுவது?

பஞ்சு காய்ந்துவிட்டது என்று கையை நீட்டினாள். நனைத்துக் கொடுத்தேன்.